மசூதியா, கதீட்ரலா? கோர்டோபாவில் ஒரே கட்டடத்துக்கு ஏன் இரண்டு பெயர்?

2025 ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை இரவு. ஸ்பெயினின் தெற்கில் இருக்கும் கோர்டோபா நகரத்தின் பழைய பகுதியில் தீப்பிழம்பும் புகையும் எழுந்தன. சில நிமிடங்களில் அந்த வீடியோக்கள் உலகம் முழுக்க மொபைல்களில் ஓட ஆரம்பித்துவிட்டன. தீயணைப்பு வீரர்கள் வேகமாகச் செயல்பட்டதால் பெரிய இழப்பு இல்லை. ஒரு சிற்றாலயத்தின் கூரை இடிந்தது, பக்கத்தில் கொஞ்சம் சேதம். மறுநாளே பார்வையாளர்களுக்காகக் கதவு திறக்கப்பட்டது.

அந்த இரவில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 'மசூதியில் தீ' என்றார்கள் சிலர், 'கதீட்ரலில் தீ' என்றார்கள் சிலர். 'மசூதி-கதீட்ரல்' என்று நடுவில் ஒரு கோடு போட்டு எழுதியவர்களும் உண்டு. எரிந்தது ஒரே கட்டடம்தான். எந்தப் பெயரைச் சொல்கிறோம் என்பதிலேயே யார் பக்கம் நிற்கிறோம் என்பதும் வந்துவிடுகிறது. கோர்டோபாவில் இது வெறும் பெயர் விஷயம் இல்லை. சொத்துப் பத்திரம், டிக்கெட் வருமானம், வழிபாட்டு உரிமை, வரலாறு எல்லாமே இதோடு பின்னிக் கிடக்கின்றன.

ஐரோப்பா டூர் திட்டமிடும் பலரும் பார்சிலோனா, மாட்ரிட் என்று முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் அரை நாளில் கோர்டோபாவை எட்டிப் பார்க்கிறார்கள். சிவப்பு-வெள்ளை வளைவுகளுக்கு முன்னால் ஒரு செல்ஃபி, அடுத்த ரயில். அந்த வளைவுகளுக்குப் பின்னால் இருக்கும் கதையை யார் சொல்வது என்பதில்தான் இன்றுவரை சண்டை நடக்கிறது.

கட்டியது யார்?

கி.பி. 711-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்து அரபு, பெர்பெர் படைகள் ஸ்பெயினுக்குள் நுழைந்தன. ஐரோப்பியர்கள் பின்னாளில் 'மூர்கள்' என்று பொதுவாக அழைத்தது இவர்களையும் இவர்கள் வழியில் வந்த முஸ்லிம்களையும்தான். அவர்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை.

750-ல் உமையா அரச குடும்பம் கூண்டோடு கொல்லப்பட்டபோது, தப்பிப் பிழைத்த ஓர் இளவரசர் அப்துர் ரஹ்மான். ஊர் ஊராக ஓடி, கடைசியில் கோர்டோபாவைப் பிடித்து 756-ல் அங்கே ஆட்சி அமைத்தார். மசூதிக்கான வேலை சுமார் 785-ல் தொடங்கியது. பழைய ரோமானிய, விசிகோத்திக் கட்டடங்களிலிருந்து தூண்கள் கொண்டுவரப்பட்டன. அவை உயரம் போதாதவை. அதனால் ஒரு வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு என்று இரண்டடுக்காக எழுப்பினார்கள். சிவப்புச் செங்கல், வெளிர் கல், மறுபடி செங்கல், மறுபடி கல். இன்று இன்ஸ்டாகிராமில் பார்த்து வியக்கும் அந்த வடிவம், கையில் கிடைத்த குட்டைத் தூண்களை வைத்துச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி.

அடுத்த 200 ஆண்டுகளில் மூன்று முறை அது பெரிதாக்கப்பட்டது. கடைசி விரிவாக்கத்தை 987 வாக்கில் தொடங்கியவர் அல்மன்சோர் என்ற சர்வ வல்லமை படைத்த அமைச்சர். இன்றும் அங்கே 850-க்கும் மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தூண்களின் காடு.

அல்மன்சோரைப் பற்றி ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 997-ல் அவர் வடக்கே கிறிஸ்தவர்களின் புனித நகரமான சாந்தியாகோ தே கொம்போஸ்தெலாவைச் சூறையாடினார். அங்கிருந்த ஆலய மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றி கோர்டோபா வரை சுமக்க வைத்தார், மசூதியில் அவை விளக்குகளாயின என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1236-ல் காஸ்தீல் அரசர் மூன்றாம் ஃபெர்னாந்தோ கோர்டோபாவைப் பிடித்ததும், அதே மணிகளை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏற்றித் திரும்ப அனுப்பினாராம்.

இரண்டு முறையும் சுமந்தது தோற்றவர்கள்தான்.

கதீட்ரல் ஆனது எப்படி?

1236-ல் மசூதி கதீட்ரலாகப் புனிதப்படுத்தப்பட்டது. ஆனா, அப்போது அதை இடிக்கவில்லை. பெரும்பாலும் இருந்தபடியே வைத்துக்கொண்டு, உள்ளே அங்கங்கே பலிபீடங்களும் சிற்றாலயங்களும் அமைத்தார்கள். கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் இப்படியே போனது.

1523-ல்தான் பெரிய பிரச்னை வெடித்தது. தூண்களின் காட்டுக்கு நடுவே ஒரு பகுதியை அகற்றிவிட்டு, உயரமான கதீட்ரல் மையப் பகுதியைக் கட்ட வேண்டும் என்றார் பிஷப் அலோன்சோ மன்ரிக்கே. எதிர்த்தது யார் தெரியுமா? கோர்டோபாவின் நகர சபை. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். இந்தக் கட்டடம் இருக்கிறபடியே இருப்பதுதான் நகரத்துக்குப் பெருமை என்று சொல்லி, இடிப்பு வேலையில் கை வைக்கும் கொத்தனார்களுக்கு மரண தண்டனை என்றே அறிவித்தார்கள். விவகாரம் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போனது. அவர் பிஷப் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

பிறகு அவரே நேரில் வந்து பார்த்துவிட்டு, எங்கும் இல்லாத ஒன்றை அழித்து எங்கும் இருக்கிற ஒன்றைக் கட்டிவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு கதை உண்டு. உண்மையோ கற்பனையோ, கோர்டோபாவில் எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் கதை அது. உண்மையில் நடந்ததை, அதாவது நகர சபையின் எதிர்ப்பை, சொல்பவர்கள் குறைவு. 500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மசூதியின் தூண்களுக்காகக் கிறிஸ்தவர்கள் தங்கள் பிஷப்போடு மோதினார்கள் என்பது இரண்டு தரப்புக் கதைகளிலும் அடங்காது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ.

30 ரூபாய் இல்லை, 30 யூரோ!

சரி, இன்றைய சண்டைக்கு வருவோம்.

2006-ல் கோர்டோபா மறைமாவட்டம் இந்தக் கட்டடத்தைத் தன் பெயரில் பத்திரப் பதிவு செய்தது. செலவு 30 யூரோ. எப்படி முடிந்தது? ஸ்பெயினில் 1946-ம் ஆண்டு அடமானச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதன்படி, சொத்து தன்னுடையதுதான் என்று மறைமாவட்டமே சான்றிதழ் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். வழிபாட்டுத் தலங்களுக்கு மட்டும் அந்த வழி மூடியிருந்தது. 1998-ல் அதுவும் திறக்கப்பட்டது. அதன்பின் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான சொத்துகள் இப்படிப் பதிவாயின. எதிர்ப்பு அதிகமானதும் 2015-ல் இந்தப் பிரிவே நீக்கப்பட்டது. ஆனா, ஏற்கெனவே பதிந்தது பதிந்ததுதான்.

திருச்சபையின் வாதம் இது: 1236-ல் அரசர் கொடுத்தார், அன்றிலிருந்து தொடர்ந்து நாங்கள்தான் வழிபடுகிறோம், நாங்கள்தான் பராமரிக்கிறோம். எதிர்த் தரப்பு, இது எப்போதுமே பொதுச் சொத்து, யாரும் விற்கவோ வாங்கவோ முடியாதது என்கிறது. 2018-ல் நகராட்சி அமைத்த நிபுணர் குழு, திருச்சபையின் உரிமை கோரலுக்கு ஆதாரம் போதாது என்றே சொன்னது. அந்தக் குழுவில் யுனெஸ்கோவின் முன்னாள் தலைமை இயக்குநர் ஃபெதெரிகோ மயோர் சரகோசாவும் இருந்தார். ஆனாலும் நிர்வாகம், டிக்கெட், உள்ளே கொடுக்கும் விளக்கக் கையேடு எல்லாம் இன்றும் திருச்சபையிடம்தான்.

கையேடு என்பது சின்ன விஷயம் மாதிரி தெரியும். இல்லை. சில காலம் அதில் 'மசூதி' என்ற சொல்லே பின்னுக்குத் தள்ளப்பட்டு, கதீட்ரல் என்ற பெயர்தான் பெரிதாக இருந்தது. 2014-ல் கூகுள் மேப்ஸிலும் 'கோர்டோபா கதீட்ரல்' என்று மட்டும் காட்ட, ஆயிரக்கணக்கானோர் ஆன்லைனில் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். பிறகு 'மசூதி-கதீட்ரல்' என்று மாறியது. யுனெஸ்கோ 1984-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது பதிவு செய்த பெயர் 'கோர்டோபா மசூதி'. பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவு பழைய நகரப் பகுதி முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் பேச்சில் இன்றும் அது 'மெஸ்கிட்டா', அதாவது மசூதிதான். ஞாயிறு திருப்பலிக்குப் போகும் பாட்டிகூட 'மெஸ்கிட்டாவுக்குப் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்வார்.

அங்கே முஸ்லிம்கள் தொழுவதற்கு அனுமதி இல்லை. 2010-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் சுற்றுலாக் குழுவில் சிலர் தொழ முயன்றபோது காவலர்களோடு தள்ளுமுள்ளு ஏற்பட்டு, கைது வரை போனது.

'பொற்காலம்' என்பதும் பாதிக் கதைதான்

இதுவரை படித்தவர்களுக்கு 'மூர்கள் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையா இருந்தாங்க, அப்புறம் வந்தவங்கதான் கெடுத்தாங்க' என்று தோன்றலாம். சுற்றுலா விளம்பரங்களும் மூன்று மதங்களின் நகரம் என்று இதைத்தான் விற்கின்றன. இதுவும் பாதி உண்மைதான்.

பத்தாம் நூற்றாண்டு கோர்டோபா ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. நூலகங்கள், மருத்துவம், வானியல் எல்லாம் இருந்தன. யூதர்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் மதத்தைப் பின்பற்ற முடிந்தது. ஆனா, தனி வரி கட்டி, இரண்டாம் நிலையில் இருந்தபடிதான். 850-களில் இஸ்லாத்தைப் பொதுவெளியில் இழிவுபடுத்திப் பேசியதாகச் சுமார் 50 கிறிஸ்தவர்கள் இதே நகரத்தில் தலை துண்டிக்கப்பட்டார்கள்.

கோர்டோபா பெற்ற இரண்டு பெரிய அறிஞர்களின் வாழ்க்கையையே பார்க்கலாம். யூத தத்துவ அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் இங்கே பிறந்தவர். அல்மோஹத் என்ற தீவிரவாத முஸ்லிம் வம்சம் நகரத்தைப் பிடித்தபோது, சிறுவனான அவர் குடும்பத்தோடு வெளியேற நேர்ந்தது. 1126-ல் இங்கே பிறந்த இப்னு ருஷ்த், அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகளால் கிறிஸ்தவ ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களையே மாற்றியவர். முஸ்லிம் சட்ட அறிஞர். அவரையும் 1195-ல் முஸ்லிம் ஆட்சியாளர்களே ஊரைவிட்டு வெளியேற்றி, தத்துவ நூல்களை எரித்தார்கள். இன்று இருவருக்கும் நகரத்தில் சிலை இருக்கிறது. பக்கத்தில் நின்று போட்டோ எடுப்பவர்களுக்கு, இந்த ஊர் அவர்களை விரட்டியது என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்து வந்த கிறிஸ்தவ ஆட்சி இன்னும் கடுமை. 1492-ல் யூதர்கள் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வாரிசுகள் 1609 முதல் துரத்தப்பட்டார்கள். யூதர் தெருவில் 1315-ல் கட்டிய குட்டி ஜெபக்கூடம் இன்னும் நிற்கிறது. யூதர்கள் போன பிறகு அது மருத்துவமனை ஆனது, பிறகு செருப்புத் தைப்பவர்கள் சங்கத்தின் ஆலயம் ஆனது. ஸ்பெயினில் மிஞ்சியிருக்கும் மிகச் சில பழைய ஜெபக்கூடங்களில் அதுவும் ஒன்று.

கட்டடம் என்ன சொல்கிறது?

மனிதர்கள் சொல்லும் கதைகளைவிட அந்தக் கட்டடம் நேர்மையாக இருக்கிறது.

தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராபைச் சுற்றி மின்னும் தங்க மொசைக், பத்தாம் நூற்றாண்டில் கலீஃபா இரண்டாம் ஹகம் காலத்தில் செய்தது. அதற்கான கண்ணாடிச் சில்லுகளையும் கைதேர்ந்த கலைஞரையும் அனுப்பியது பைசாந்தியப் பேரரசர், ஒரு கிறிஸ்தவர் என்று அரபுக் குறிப்புகளே சொல்கின்றன. கொஞ்சம் தள்ளி, 1371-ல் கிறிஸ்தவ அரசர் இரண்டாம் என்ரிக்கே தன் முன்னோர்களுக்காக முடித்த அரச சிற்றாலயம் இருக்கிறது. அதன் சுண்ணச் சாந்து வேலைப்பாடு முழுக்க முழுக்க இஸ்லாமியப் பாணி. வெளியே 54 மீட்டர் உயர மணிக்கோபுரம். அதற்குள்ளேதான் பழைய மினாராவின் மிச்சம் இருக்கிறது.

திருச்சபைக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஒரு பாராட்டும் உண்டு. நகரத்திலிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் மதீனா அசஹாரா இருக்கிறது. கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936 வாக்கில் கட்டத் தொடங்கிய அரண்மனை நகரம். நூறு ஆண்டுகூட நிற்கவில்லை. முஸ்லிம்களுக்குள்ளேயே நடந்த உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டது. அதன்பின் யாருக்கும் தேவைப்படாததால், பல நூற்றாண்டுகள் கல் உருவும் இடமாகவே கிடந்தது. இப்போது அங்கே பெரும்பாலும் அஸ்திவாரங்கள்தான். மசூதி மட்டும் ஏன் தப்பியது? அதை ஒருவர் தினமும் பயன்படுத்தினார், கூரை ஒழுகினால் சரிசெய்தார். 'கதீட்ரல் ஆக்கியதால் அழிந்தது' என்பது எவ்வளவு உண்மையோ, 'கதீட்ரல் ஆனதால் பிழைத்தது' என்பதும் அவ்வளவு உண்மை.

ஆனா, பாதுகாத்தவருக்கு, கதையைத் தன் இஷ்டத்துக்குச் சொல்லும் உரிமை தானாக வந்துவிடாது. பிரச்னையின் மையம் இங்கேதான் இருக்கிறது. மசூதி நின்ற இடத்தில் முன்பு சான் விசென்தே என்ற தேவாலயம் இருந்தது என்பதைத் திருச்சபை முதன்மையாக முன்வைக்கிறது. அரபு நூல்களிலும் அந்தத் தகவல் உண்டு. அங்கே தோண்டியதில் கிடைத்தவை அந்தத் தேவாலயத்துடையவையா என்பதில் தொல்லியலாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இந்த வாதத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு. ஒரு தரப்பை மட்டும் அச்சடித்தால் அது விளம்பரம்.

அதனால், பத்திரம் யார் பெயரில் இருந்தாலும், நிர்வாகத்தில் திருச்சபையோடு நகராட்சியும் மாகாண அரசும் வரலாற்று அறிஞர்களும் உட்கார வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. வழிபாடு அப்படியே நடக்கட்டும், அதை யாரும் பறிக்கத் தேவையில்லை. டிக்கெட் கணக்கும் விளக்கப் பலகைகளும் பராமரிப்பும் பொதுக் கண்காணிப்புக்குள் வந்தால் போதும். 2025 தீயும் இதைத்தான் நினைவூட்டியது. தொடங்கிய இடம், துப்புரவு இயந்திரம் போன்ற சாமான்களைப் போட்டு வைத்திருந்த ஒரு சிற்றாலயம். ஆயிரம் ஆண்டுக் கட்டடத்தின் ஓர் அறையைச் சாமான் அறையாக்கலாமா என்று கேட்க, வெளியாள் ஒருவராவது அந்த மேஜையில் இருக்க வேண்டும்.

போகிறவர்கள் என்ன செய்யலாம்?

சுற்றுலா வருபவருக்கு இந்தச் சண்டையில் ஓட்டு இல்லை. ஆனா, எப்படிப் பார்ப்பது என்பது அவர் கையில்தான்.

* அரை நாள் போதாது. மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள், செவில்லாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதனால்தான் எல்லாரும் காலையில் வந்து மாலையில் போய்விடுகிறார்கள். ஓர் இரவாவது தங்கலாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம்.

* காலையில் போகலாம். டிக்கெட் 10 யூரோவுக்கு மேல். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை தனியாக வருபவர்களுக்கு இலவசம் என்ற வழக்கம் உண்டு. விசேஷ நாட்களில் மாறும் என்பதால் முந்தைய நாளே இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. கூட்டமில்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் தூண்களின் காடு முழுசாகப் புரியும்.

* காலவரிசையில் நடக்கலாம். முதலில் 785-ன் பழைய பகுதி, பிறகு மிஹ்ராப், அடுத்து அல்மன்சோர் சேர்த்த பகுதி, கடைசியாக நடுவில் இருக்கும் கதீட்ரல். எங்கே என்ன ஒட்டப்பட்டது என்று கண்ணாலேயே தெரியும். அது கதீட்ரலும்கூட என்பதால் உடையிலும் குரலிலும் மரியாதை தேவை.

* கோடையைத் தவிர்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சென்னை, வேலூர்க்காரர்களையே களைக்க வைக்கும் வெயில். மே மாதத் தொடக்கத்தில் போனால், வீட்டு முற்றங்களைப் பூச்சட்டிகளால் அலங்கரித்து ஊருக்கே திறந்துவிடும் விழாவையும் பார்க்கலாம். 2012-ல் அதற்கும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது.

* கேள்வி கேட்கலாம். வழிகாட்டி 'எல்லாரும் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள்' என்றால் மைமோனிடிஸ் ஏன் போனார் என்று கேட்கலாம். 'நம் இடத்தை நாம் மீட்டோம்' என்றால் 1523-ல் நகர சபை ஏன் எதிர்த்தது என்று கேட்கலாம்.

கடைசியாக, வெளியே வரும்போது ஆரஞ்சு மர முற்றத்தில் பத்து நிமிடம் உட்காரலாம். தொழுகைக்கு முன் உளூச் செய்ய மக்கள் கூடிய முற்றம் அது. ஆரஞ்சுக்கு ஸ்பானிஷில் 'நராங்ஹா'. அரபியின் 'நாரஞ்ச்' சொல்லிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, பாரசீகத்துக்கு இந்தியாவிலிருந்து. அதன் வேர் திராவிட மொழிகளில், நம் நாரத்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. முற்றத்தின் ஸ்பானிஷ் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

அங்கிருந்து எடுத்த போட்டோவை ஸ்டேட்டஸில் போடும்போது இடத்தின் பெயரை மொபைல் கேட்கும். 'மசூதி-கதீட்ரல்' என்று நடுவில் கோட்டோடு முழுசாகப் போடலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனா, அந்த ஊரில் நடந்ததும் நீளம்தானே.